வாணிப நிர்வாகத்தில் டாக்டர் பட்டம்

வியாபாரம் என்பது கல்லாவில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை என்ற அபிப்பிராயம் நம்மவர்களிடையே நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாட்டுக்கோட்டை நகரத்தார் இளைஞர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் பெட்டியடிப் பையன்களாக அமர்ந்துதான் வட்டிக் கணக்கையும் மனிதர்களின் நாணயத்தையும் எடைபோடக் கற்றார்கள். அப்படியிருக்க, வாணிப நிர்வாகத்துக்கென்று தனிக் கல்லூரி எதற்கு என்று ஒரு காலத்தில் பலர் கேட்டதுண்டு. இன்று அவ்வாறு கேட்பவர் குறைவு. அக்கல்லூரிகளில் இரண்டாண்டு படித்து வெளிவருபவர்களுக்குக் கிடைக்கும் சம்பளமே கேட்டவர்களின் வாயை அடைத்துவிட்டது.

ஆனால், அதே கல்லூரியில் வேறொரு வகை மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நான்கு, ஐந்து ஆண்டுகள் அங்கேயே தங்கி, உபகாரச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டு, டாக்டர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்கிறவர்கள். அவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவது அருமை. கேள்விப்படும்போதோ, பெரும்பாலும் அது ஒரு குடும்பப் பிரச்னையாகவே வந்து சேருகிறது. டில்லியிலோ மும்பையிலோ ஜாம்ஷெட்பூரிலோ உத்தியோகம் பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில், நல்ல வேலையில் இருக்கும் மகனோ மகளோ, “வேலையை விட்டுவிட்டு நிர்வாகவியலில் ஆராய்ச்சி செய்யப் போகிறேன்” என்று சொன்னால், பெற்றோர் திகைத்துப் போகிறார்கள். ரஸாயனத்தில் ஆராய்ச்சி என்றால் புரிகிறது. கடையிலும் ஆலையிலும் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு விடை கூற முயலுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வகை மாணவர்

முதலில் ஒரு வேற்றுமையைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இரண்டாண்டுப் படிப்பின் மாணவர், முன்னோர் கண்டறிந்ததைக் கற்றுக்கொண்டு அதை ஒரு நிறுவனத்தில் பயன்படுத்தப் போகிறவர். நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் வைத்தியரைப் போன்றவர் அவர். ஆராய்ச்சி மாணவரோ, அந்த மருந்து உண்மையிலேயே நோயைத் தீர்க்கிறதா, தீர்ப்பதானால் எதனால் தீர்க்கிறது என்று சோதிக்கிறவர். வைத்தியரிடம் நாம் விரைவை எதிர்பார்க்கிறோம். சோதிப்பவரிடம் எதிர்பார்க்க வேண்டியவை பொறுமையும் சந்தேகமுமே. ஆகையால், டாக்டர் பட்டம் என்பது இரண்டாண்டுப் படிப்பின் மேல்மாடி என்று எண்ணுவது பொருந்தாது. அது வேறு வீடு, வாசலும் வேறு.

அவர்கள் எடுத்துக்கொள்ளும் துறைகள் பல. நிதியும் கணக்கியலும், விற்பனை, உற்பத்தி முறை, தகவல் முறைகள், நிறுவனத்தில் மனிதர்களின் நடத்தை, நிறுவனங்களின் கொள்கை வகுப்பு, பொருளாதாரம், அரசாங்கத்தின் பொதுக் கொள்கை ஆகியவை முக்கியமானவை. ஆமதாபாத்தில் விவசாயப் பொருள்களின் வாணிபத்துக்கென்றே தனிப் பிரிவும் உண்டு. எனினும் துறைப் பெயர்களை அடுக்குவதால் விஷயம் விளங்கிவிடாது. ஆராய்ச்சி எவ்வாறு நடக்கிறது என்பதைச் சில உதாரணங்களால் காண்பதே பயன் தரும். அதற்குமுன், இப்பட்டம் நம் நாட்டுக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பட்டத்தின் கதை

நம் நாட்டில் வாணிப நிர்வாகத்துக்கென ஏற்பட்ட தொடக்க காலக் கல்வி நிலையங்களுள் ஒன்று 1953 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியது. பின்னர் 1961 ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும், டிசம்பரில் ஆமதாபாத்திலும் மத்திய அரசாங்கத்தின் ஆதரவில் இந்திய நிர்வாகக் கழகங்கள் நிறுவப்பட்டன. முன்னதற்கு அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும், பின்னதற்கு ஹார்வர்டு வர்த்தகக் கல்லூரியும் துணைநின்றன. ஃபோர்டு அறநிலையம் பொருளுதவி செய்தது. 1973 இல் பெங்களூரில் மூன்றாவது கழகம் ஏற்பட்டது. இன்று இத்தகைய கழகங்கள் இருபதுக்கு மேல் உள்ளன. 2011 இல் திருச்சிராப்பள்ளியும் ஒன்றைப் பெற்றது.

ஆமதாபாத் கழகம் 1971 இல் ஆராய்ச்சிப் படிப்பைத் தொடங்கியது. ஆனால் அதை முடித்தவர்களுக்கு டாக்டர் பட்டம் தர அதற்கு உரிமை இல்லை. காரணம், இக்கழகங்கள் பதிவு செய்யப்பட்ட சங்கங்களாகவே இருந்தன. பட்டம் அளிக்கும் அதிகாரத்தை 1956 ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றை ஒத்த அமைப்புகளுக்குமே அளித்திருந்தது. ஆகவே, ஐந்தாண்டு உழைத்தவர்கள் ‘ஃபெல்லோ’ என்ற பெயரோடு வெளியேறினார்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு இச்சொல் தந்த தொல்லை சிறிதன்று. ‘தோழர்’ என்றால் அரசியல் வாடை வீசுகிறது. ‘உறுப்பினர்’ என்றால் சங்கத்தில் சந்தா கட்டியவர் போல் தோன்றுகிறது. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் பெயருக்குப் பின்னால் எதைப் போடுவது என்று எத்தனை பெண் வீட்டார் குழம்பினார்களோ! அந்தப் படிப்பு டாக்டர் பட்டத்துக்கு இணையானது என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றுக்கொண்டிருந்தபோதிலும், வெளிநாட்டுக்குச் செல்பவர் ஒவ்வொரு முறையும் அதை விளக்க வேண்டியிருந்தது. 2017 இல் நிறைவேறி, 2018 ஜனவரி 31 அன்று அமலுக்கு வந்த இந்திய நிர்வாகக் கழகங்கள் சட்டம் இந்தக் குறையைத் தீர்த்தது. இப்போது அக்கழகங்கள் டாக்டர் பட்டத்தை அந்தப் பெயராலேயே வழங்குகின்றன.

நெசவுக் கொட்டகையில் ஒரு சோதனை

இனி உதாரணங்களுக்கு வருவோம். முதல் உதாரணம் நிர்வாகக் கழகம் தோன்றுவதற்கு முன்பே ஆமதாபாத்தில் நடந்தது. ஆனால் இன்றுவரை இத்துறை மாணவர்களுக்குப் பாடமாக விளங்குவது.

1952 இல் அந்நகரின் காலிகோ ஆலைகளில் தானியங்கித் தறிகள் பூட்டப்பட்டன. புதிய இயந்திரம், ஆனால் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை, துணியில் பழுதும் குறையவில்லை. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் கழகத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்பவர் அங்கு வந்து கொட்டகையைக் கவனித்தார். 224 தறிகளை 29 தொழிலாளர் நடத்தினர். அந்த 29 பேருக்குள் 12 விதமான வேலைகள் பிரிக்கப்பட்டிருந்தன. நெய்பவர் ஒருவர், நூல் கட்டை நிரப்புபவர் வேறொருவர், இழை அறுந்தால் சரிசெய்பவர் மற்றொருவர், எண்ணெய் போடுபவர், பெருக்குபவர் எல்லாம் தனித்தனி. ஒவ்வொருவருக்கும் தம் வேலை தெரியும். ஆனால், “இந்தத் தறிகள் எங்கள் பொறுப்பு” என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. பலருக்குப் பலர் மேல் உரிமை. எவருக்கும் எதன் மேலும் முழு உரிமை இல்லை.

1953 இல் ரைஸ் ஒரு யோசனை கூறினார். தறிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கலாம். உள்ளே வேலையை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை அக்குழுவே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். தொழிலாளர் இதை உற்சாகத்துடன் ஏற்றுத் தாமே குழுக்களை அமைத்துக்கொண்டனர். ஆரம்பத் தடுமாற்றங்களுக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது, பழுது குறைந்தது. இயந்திரம் அதே இயந்திரம். மனிதர்களும் அதே மனிதர்கள். அவர்களிடையே இருந்த ஏற்பாடு மட்டுமே மாறியது. 1970 இல் எரிக் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர் மறுபடியும் சென்று பார்த்தபோது, ஒரு கொட்டகையில் அந்தக் குழு முறை ஏறக்குறைய அப்படியே நிலைத்திருந்ததையும், மற்ற இடங்களில் அது சிதைந்து போயிருந்ததையும் கண்டார். எது நிலைக்கிறது, எது சிதைகிறது, ஏன் என்பது அடுத்த கேள்வியாயிற்று. ஒரு விடை அடுத்த கேள்வியைப் பெறுவதே ஆராய்ச்சியின் இயல்பு.

பத்திரிகை ஏஜெண்டின் கணக்கு

இரண்டாவது உதாரணம் ஒரு கணக்கு. இத்துறையில் ‘பத்திரிகை விற்பவரின் பிரச்னை’ என்றே அதற்குப் பெயர் வழங்கியிருக்கிறது. வெளியூர் ரயில் நிலையம் ஒன்றில் தமிழ்ப் பத்திரிகை விற்கும் ஏஜெண்டு ஒருவரை எண்ணிப் பாருங்கள். ஒரு பிரதியை 3 ரூபாய்க்கு வாங்கி 5 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் மீந்த பிரதி காகிதக் கூழுக்குத்தான் ஆகும். காலையில் அவர் எத்தனை பிரதிகள் வாங்க வேண்டும்?

ஒவ்வொரு நாளும் கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும்படி வாங்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. மீந்த பிரதி ஒன்றுக்கு நஷ்டம் 3 ரூபாய். இல்லை என்று திருப்பியனுப்பிய வாடிக்கைக்காரர் ஒருவரால் இழக்கும் லாபம் 2 ரூபாய். இரண்டையும் சீர்தூக்கினால், பத்து நாளில் ஆறு நாள் பத்திரிகை தீர்ந்துபோகும் அளவுக்கு வாங்குவதே அவருக்கு லாபம் என்று விடை வருகிறது. லாபம் கூடுதலாக உள்ள பண்டமானால் விடை மாறும். காய்கறி, ரொட்டி, மருந்து, விமானத்தில் ஆசனம் ஆகிய அனைத்துக்கும் இக்கணக்கு அடிப்படையாக உதவுகிறது.

அப்படியானால் ஆராய்ச்சி மாணவருக்கு மீதி என்ன வேலை? இருக்கிறது. பத்திரிகை தீர்ந்துபோன அன்று, இன்னும் எத்தனை பேர் வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள் என்பது ஏஜெண்டின் கணக்குப் புத்தகத்தில் ஏறுவதில்லை. விற்றது தெரியும், கேட்டது தெரியாது. தெரியாததை எப்படி மதிப்பிடுவது? இருமுறை ஏமாந்த வாடிக்கைக்காரர் மூன்றாம் முறை வருவாரா? இவையெல்லாம் தடித்த புத்தகங்களை எழுதவைத்த கேள்விகள். டாக்டர் பட்டத்துக்கு வேண்டியது இத்தகைய ஒரு கேள்வியே. அது சின்னஞ்சிறியதாகத் தோன்றலாம். ஆனால் அதை உண்மையாக விடுவித்தால் ஆயிரம் கடைகளுக்குப் பயன்படும்.

பங்கு விலையும் சேமநிதியும்

மூன்றாவது உதாரணம் சிகாகோ நகரத்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் வர்த்தகக் கல்லூரியில் யூஜின் ஃபாமா என்ற இளைஞர் 1964 இல் டாக்டர் பட்டம் பெற்றார். பங்கு மார்க்கெட்டில் நேற்றைய விலைகளின் போக்கைப் பார்த்து நாளைய விலையைச் சொல்ல முடியுமா என்பது அவர் எடுத்துக்கொண்ட விஷயம். 30 பெரிய கம்பெனிகளின் பங்கு விலைகளை நாள் வாரியாகப் பரிசீலித்து, அவ்வாறு சொல்லி லாபம் சம்பாதிப்பதற்கு அந்தப் பழைய விலைகள் உதவமாட்டா என்ற முடிவுக்கு வந்தார். 1965 இல் அது அச்சில் வெளிவந்தது. சந்தையின் ஜோசியர்களுக்கு இது கசந்திருக்கும்.

ஆனால் விளைவு என்ன? மார்க்கெட்டை ஜெயிக்க முயலுவதைவிட, எல்லாப் பெரிய கம்பெனிகளின் பங்குகளையும் குறியீட்டெண்ணில் உள்ள விகிதப்படி வாங்கி வைத்துக்கொள்வதே சாமானிய மனிதருக்கு நலம் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1976 இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதி தோன்றியது. நம் நாட்டில் தொழிலாளர் சேமநிதி நிறுவனம் 2015 ஆகஸ்டில் பங்குகளில் பணம் போடத் தொடங்கியபோது, குறியீட்டு நிதிகளையே தேர்ந்தெடுத்தது. ஆகவே, ஊரை விட்டு வந்து தொழிற்சாலையில் பணிபுரியும் ஒரு தமிழரின் சேமநிதிக் கணக்கில், அவர் பெயரே கேட்டிராத ஒரு மாணவரின் ஆராய்ச்சி மரபு இன்று கலந்திருக்கிறது. ஃபாமாவுக்கு 2013 இல் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

கார்னெகி தொழில்நுட்பக் கழகத்தின் நிர்வாகக் கல்லூரியில் 1963 இல் டாக்டர் பட்டம் பெற்ற ஆலிவர் வில்லியம்சன் வேறு விஷயத்தை எடுத்துக்கொண்டார். முதலாளி லாபத்தை நாடுவார். ஆனால் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட நிர்வாகி எதை நாடுவார்? தம்கீழ் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், தம் அறை எத்தனை விசாலமானது என்பவற்றையும் அவர் நாடக்கூடுமல்லவா என்று அவர் ஆராய்ந்தார். அலுவலகங்களில் வாழ்நாளைக் கழித்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை புரியாமல் இருக்க முடியாது. ஒரு நிறுவனம் எதைத் தானே செய்துகொள்ள வேண்டும், எதை வெளியில் வாங்க வேண்டும் என்பதுபற்றி அவர் பின்னால் செய்த ஆராய்ச்சி அவருக்கு 2009 இல் நோபெல் பரிசைப் பெற்றுத் தந்தது.

நம்பிக்கையின் எல்லை

அடுத்து மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளைப் பற்றிய ஆராய்ச்சி. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிகோலஸ் புளூமும் அவருடைய சகாக்களும் 2008 முதல் இதை நடத்தினர். ரைஸ் கையாண்ட முறைக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. புதிய மருந்தைச் சோதிக்கும்போது சிலருக்கு மருந்து கொடுத்து, சிலருக்குக் கொடுக்காமல் ஒப்பிடுவார்கள். யாருக்குக் கொடுப்பது என்பதைத் திருவுளச்சீட்டுப் போல் தீர்மானிப்பார்கள். இங்கும் அதே முறை கையாளப்பட்டது. சில ஆலைகளுக்குக் குறையை எடுத்துக்காட்டியதோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றவற்றுக்கு நிர்வாக ஆலோசகர்கள் மாதக்கணக்கில் உடனிருந்து சீர்திருத்தம் செய்து கொடுத்தார்கள்.

சீர்திருத்தம் என்றால் பிரமாதமான விஷயங்கள் அல்ல. நூல் கிடங்கில் என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பது, இயந்திரம் பழுதடையும் முன்பே பராமரிப்பது, துணியின் குறைகளை அன்றாடம் குறித்து வைத்து விவாதிப்பது, தரையில் சிதறிய குப்பையை அகற்றுவது ஆகியவைதாம். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது.

இந்த ஆராய்ச்சியில் என் மனத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. இந்த ஆலைகள் எவ்வளவு பெரிதாக வளர்ந்தன என்பதை நிர்ணயித்தது நிர்வாகத் திறமையன்று. முதலாளியின் குடும்பத்தில் எத்தனை ஆண்மக்கள் இருந்தார்கள் என்பதே! வெளியாளை மானேஜராக வைத்தால் திருடிவிடுவான் என்ற அச்சம். ஏமாற்றினால் நீதிமன்றத்தில் விரைவில் பரிகாரம் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆகவே தம்பியும் மகனும் பார்த்துக்கொள்ளக்கூடிய அளவோடு தொழில் நின்றுவிடுகிறது.

திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி அபிஜித் பானர்ஜியும் கைவான் முன்ஷியும் 2004 இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. உள்ளூர்ச் சமூகத்தைச் சேர்ந்த முதலாளிகளுக்குத் தொடக்கத்திலேயே உறவினர் வழியாக முதல் தாராளமாகக் கிடைத்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் சிறு முதலுடன் தொடங்கினார்கள்; ஆனால் அவர்களுடைய தொழிலே விரைவாக வளர்ந்தது. திறமை ஓரிடத்தில் இருக்க, பணம் வேறிடத்தில் தங்கிவிடுகிறது என்பது இதன் பொருள். அந்நிய ஊரில் பிழைக்க வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அறிந்தவர் இல்லாத ஊரில் கடன் கிடைப்பது எத்தனை கடினம் என்பதை நாம் அனுபவித்திருக்கிறோம். நாம் அனுபவத்தால் அறிந்ததை அளந்து காட்டி, எந்த அளவுக்கு நாட்டுக்கு நஷ்டம் என்று கூறுவதே ஆராய்ச்சியாளரின் பணி.

கோயம்புத்தூரில் பிறந்த ஒருவர்

இத்துறையில் உலகப் புகழ் பெற்ற தமிழ்நாட்டவர் ஒருவரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. சி. கே. பிரஹலாத் 1941 இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை லயோலாக் கல்லூரியில் பௌதிகம் பயின்று, யூனியன் கார்பைடு கம்பெனியில் சில ஆண்டுகள் பணிபுரிந்தார். பிறகு ஆமதாபாத் கழகத்தில் சேர்ந்து 1966 இல் படிப்பை முடித்தார்; அக்கழகத்தின் ஆரம்ப கால மாணவர்களுள் அவர் ஒருவர். ஹார்வர்டு வர்த்தகக் கல்லூரியில் பல நாடுகளில் கிளை பரப்பிய கம்பெனிகளின் நிர்வாகத்தைப் பற்றி ஆராய்ந்து 1975 இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆமதாபாத்திலும், பின்னர் நெடுங்காலம் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக விளங்கினார். ஒரு நிறுவனம் விற்கும் பண்டங்கள் இலைகளும் பழங்களும் போன்றவை; அவற்றுக்கு அடியில் வேராக நிற்கும் கூட்டுத் திறமை ஒன்றைக் கண்டு வளர்க்க வேண்டும் என்று கேரி ஹாமெலுடன் சேர்ந்து 1990 இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. ஏழைகளையும் வாடிக்கைக்காரர்களாக மதித்துப் பண்டங்களை அமைத்தால் இருதரப்புக்கும் நன்மை உண்டு என்று 2004 இல் ஒரு நூலில் வாதித்தார். அந்நூலில் அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று, 1976 இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை.

அவர் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை. அதே மிச்சிகன் கல்லூரியின் ஆசிரியரான அனில் கர்னானி, ஏழைக்குப் பொருளை விற்பதால் ஏழ்மை தீராது. ஏழை உற்பத்தி செய்வதை வாங்கி, அவர் வருமானத்தை உயர்த்த வேண்டும் என்று 2007 இல் மறுத்தெழுதினார். ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு ஒருவர் கருத்தை ஒருவர் பகிரங்கமாக மறுப்பது இங்கு அவமரியாதையாகக் கருதப்படுவதில்லை. மறுப்புக்குத் தாங்கும் கருத்தே நிற்கும் என்பது இவ்வுலகின் வழக்கம்.

ஐந்தாண்டுகள் கழியும் விதம்

நிர்வாகக் கழகங்களில் சேர விரும்புபவர், பொது நுழைவுத் தேர்வையோ கழகம் ஏற்கும் வேறு தேர்வையோ எழுதி, நேர்முகத்தில் தம் ஆராய்ச்சி நாட்டத்தைப் புலப்படுத்த வேண்டும். முதல் இரண்டாண்டுகள் வகுப்புகளில் கழியும். புள்ளியியலும், பொருளாதாரமோ மனோதத்துவமோ, ஆராய்ச்சி முறையும் கற்க வேண்டும். பின்னர் ஒரு விரிவான தேர்வு. பலருக்கு உறக்கத்தைக் கெடுப்பது இதுவே. அதில் தேறியவர் தம் கேள்வியையும் அதை விடுவிக்கும் வழியையும் எழுதி, ஆசிரியர் குழுவின் சம்மதத்தைப் பெறுகிறார். அப்புறம்தான் உண்மையான உழைப்பு. ஆலைக்கும் சந்தைக்கும் சென்று விவரம் திரட்டுவது, எழுதுவது, அடிப்பது, மறுபடி எழுதுவது. முடிவில் ஆராய்ச்சி நூலை அறிஞர் சபையில் நிலைநாட்ட வேண்டும்.

பல்கலைக்கழகங்களில் சேர்பவர்களுக்கு 2022 ஆம் ஆண்டின் மானியக் குழு விதிகள் பொருந்தும். அவற்றின்படி குறைந்தது மூன்று ஆண்டு. பொதுவாக ஆறு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். வேலையில் இருப்பவர் தம் அலுவலகத்தின் ஆட்சேபமின்மைச் சான்று பெற்றுப் பகுதி நேரமாகவும் படிக்கலாம். தேசியத் தகுதித் தேர்வில் உபகாரச் சம்பளத்துக்குத் தேர்ந்தவர்களுக்கு, 2023 ஜனவரி முதல் நாள்தொட்டு அமலான விகிதப்படி, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் பிறகு 42,000 ரூபாயும் என நிர்ணயிக்கப்பட்டது. முன்னணி நிர்வாகக் கழகங்கள் முழுநேர மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்காமல் தாமே உபகாரச் சம்பளம் வழங்குகின்றன. ஒருவர் எளிமையாக வாழ இது போதும். குடும்பத்தைத் தாங்க வேண்டியவருக்குப் போதுமா என்பதை அவரவர் வீட்டுக் கணக்கைப் பார்த்தே சொல்ல வேண்டும்.

யாருக்கு ஏற்றது?

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, “சம்பளம் என்ன?” என்பதோடு நின்றுவிடலாகாது. “நீ எதை அறிய விரும்புகிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். மகனோ மகளோ அதற்கு ஒரு மணி நேரம் ஆர்வத்தோடு விடை சொன்னால், அவர்களைத் தடுப்பது தகாது. வேலை பிடிக்கவில்லை, மேலதிகாரி சரியில்லை, பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால் மதிப்பு என்பவையே காரணமானால், இன்னும் ஓராண்டு யோசிக்கச் சொல்லுங்கள். ஏனெனில் இப்பாதையில் தனிமை அதிகம். கூடப் படித்தவர்கள் வீடு வாங்கும் காலத்தில், இவர் ஒரு கட்டுரையை நான்காம் முறையாகத் திருத்திக்கொண்டிருப்பார். அனுப்பிய சஞ்சிகையிலிருந்து மறுப்பே திரும்பி வரும். மறுப்பைப் படித்துவிட்டு மறுநாள் காலை மேஜைக்கு முன் அமரும் மனம் வேண்டும்.

பலன் இல்லாமலும் இல்லை. நிர்வாகக் கல்வி நிலையங்கள் பெருகியுள்ள அளவுக்குத் தகுதி வாய்ந்த ஆசிரியர்கள் பெருகவில்லை. நல்ல ஆராய்ச்சி செய்தவரை அவை நாடுகின்றன. ரிசர்வ் வங்கி போன்ற பொது நிறுவனங்களும் ஆராய்ச்சிப் பயிற்சி பெற்றவர்களுக்கு இடமளிக்கின்றன.

இத்துறையில் ஓர் அபாயமும் உண்டு. அமெரிக்கக் கம்பெனிகளைப் பற்றிய விவரங்கள் ஒழுங்காகத் தொகுக்கப்பட்டுக் கையெட்டும் தூரத்தில் கிடைக்கின்றன. பெரிய சஞ்சிகைகளும் அந்நாட்டில் உள்ளன. ஆகவே, விவரம் எளிதாகக் கிடைக்கும் விஷயத்தையே நம் மாணவரும் எடுத்துக்கொண்டு, காலடியில் கிடப்பதைக் காணாது போவதுண்டு. தெருவிளக்கின் கீழ் வெளிச்சம் இருக்கிறதென்று, வேறெங்கோ தொலைத்த காசை அங்கே தேடியவனின் கதைதான் இது.

பிற மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு வசதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் தமிழ், வெளியில் ஹிந்தியோ மராத்தியோ வங்காளியோ, படிப்பில் ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் மனிதர்களோடு பேச அவர்களுக்கு வருகிறது. ஆலையின் வாசலில் நிற்கும் தொழிலாளியிடமும், சந்தையில் மூட்டை இறக்குபவரிடமும், சீட்டு நடத்தும் பெண்மணியிடமும் அவரவர் மொழியில் கேட்டறியக் கூடியவர் அச்சிட்ட படிவத்தை மட்டும் நம்புபவரைவிட அதிகம் அறிவார். பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட்டுச் சீட்டு நடத்தும்போது, ஏலத்தில் முதலில் எடுத்தவர் பின்பு தவணை கட்டாமல் நழுவாதிருப்பது எதனால்? அந்நிய நகரத்தில் ஒரு சிற்றுண்டிச்சாலை மூன்று தலைமுறை நிலைக்க, பக்கத்துக் கடை மூன்றாண்டில் மூடப்படுவது ஏன்? ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளி வங்கியை விட்டுத் தரகரை நாடுவது எந்தச் சௌகரியத்துக்காக? இவை நம் வீட்டு வாசலில் நடப்பவை. இவற்றுள் ஒன்றை எடுத்து, ஐந்தாண்டு பொறுமையுடன் அளந்து, பிறர் சோதித்துப் பார்க்கும்படி எழுதி வைக்கும் மாணவர், சீட்டுக் கட்டும் குடும்பத்துக்கும் சிற்றுண்டிச்சாலை நடத்துபவருக்கும் சட்டம் இயற்றும் அரசாங்கத்துக்கும் பயன்படும் ஒன்றைச் செய்தவராவார்.

உங்கள் வீட்டில் அத்தகைய பிள்ளை ஒருவர் இருந்தால், அவர் கேள்வியை ஒரு நாள் பொறுமையாகக் கேளுங்கள். அதற்கு விடை உங்களுக்குத் தெரிந்திருந்தால் சொல்லிவிடுங்கள். தெரியாதிருந்தால், அதைத் தேடிப் போக அவருக்கு அனுமதி கொடுங்கள்.